ரிவால்வர் தோட்டாவில் ஈயக் குண்டு: மருந்து எவ்வளவு போடுவது?

கேள்வி கேட்டவர் டெக்சஸில் இருக்கும் நண்பர். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ஒன்று வாங்கியிருக்கிறார்; .38 ஸ்பெஷல் என்ற தோட்டாவுக்கானது, 4 அங்குலக் குழல். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்து வைத்து, 158 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டு 500-ம் எச்பி-38 என்ற வெடிமருந்து ஒரு பவுண்டும் வாங்கி, வீட்டிலேயே தோட்டா நிரப்பத் தொடங்கியிருக்கிறார். முதல் 50 தோட்டா சுட்டதும் குழலின் உள்ளே, பின்பக்கமாக, சாம்பல் நிறத்தில் ஈயம் படிந்துவிட்டதாம். கூடச் சுடுகிறவர், "ஈயம்தானே, மருந்தைக் குறை, சரியாகிவிடும்" என்றிருக்கிறார். கையேட்டிலோ ஒரு குறைந்தபட்ச அளவும் ஒரு அதிகபட்ச அளவும் போட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எதை எடுப்பது, இன்னும் கீழே போகலாமா என்பதுதான் கேள்வி.

நேரடியான பதில்: கையேட்டின் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகாதீர்கள். அந்த ஈயப் படிவு மருந்தால் வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. குண்டின் விட்டம் முதல் கேள்வி, குண்டின் கடினம் இரண்டாவது கேள்வி, மருந்து மூன்றாவது கேள்விதான். முதல் இரண்டுக்கும் விடை தெரியாமல் மூன்றாவதை மட்டும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் ஒரு வருஷம் ஆனாலும் தீராது. நான் அப்படித்தான் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன்.

இன்ன மருந்து இத்தனை கிரெயின் என்று இங்கே எழுதப்போவதில்லை. அதை மருந்து தயாரிப்பவரின் இன்றைய அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும். ஹாட்ஜ்டன், அலையன்ட் இருவரும் தங்கள் அளவுகளை இலவசமாகவே தருகிறார்கள். லைமன் கையேட்டில் வார்ப்பு ஈயக் குண்டுகளுக்கென்றே தனி அட்டவணைகள் உண்டு. யாரோ கையால் எழுதி வைத்த காகிதமோ, மறைந்த மாமனாரின் நோட்டுப் புத்தகமோ போதாது. அட்டவணையை எப்படிப் படிப்பது, அதில் எங்கே நிற்பது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கூட்டின் கதை தெரிய வேண்டும். .38 ஸ்பெஷல் 1898-இல் பிறந்தது. அப்போது அதற்குள் போனது கருமருந்து. 158 கிரெயின் ஈயக் குண்டுக்குப் பின்னால் ஏறக்குறைய 21 கிரெயின் கருமருந்து நிறைந்து நிற்கும்படி கூட்டின் நீளத்தை வகுத்தார்கள். அப்புறம் புகையில்லா மருந்து வந்தது. அதே வேகத்துக்கு அதில் நாலைந்து கிரெயின், வேகமாக எரியும் வகையென்றால் மூன்று கிரெயின்கூடப் போதும். மருந்து சுருங்கியது, கூடு சுருங்கவில்லை. அண்டாவின் அடியில் ஒரு பிடி அரிசி கிடப்பது போலத்தான் இன்று அதற்குள் மருந்து கிடக்கிறது.

கிரெயின் என்பது நமக்குப் பழகாத அளவு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்தரை. நம் ஊர்த் தட்டான் தராசில் வைக்கும் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் இருக்கும். ஒரு தோட்டாவுக்கான முழு மருந்தும் இரண்டு குன்றிமணிதான். கையேட்டில் குறைந்தபட்சத்துக்கும் அதிகபட்சத்துக்கும் உள்ள தூரம் இந்த வகைத் தோட்டாவில் பல நேரம் அரை கிரெயின், முக்கால் கிரெயின். அதாவது ஒரு குன்றிமணியில் கால் பங்கு, அரைப் பங்கு. கண்ணளவும் கையளவும் இங்கே செல்லாது. 0.1 கிரெயின் காட்டும் தராசும், அந்தத் தராசு பொய் சொல்கிறதா என்று பார்க்கத் தெரிந்த எடைக்கல் ஒன்றும் வேண்டும். மின் தராசு என்றால் பத்து நிமிஷம் ஓடவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள்.

அண்டா பெரிது, அரிசி கொஞ்சம் என்பதில் ஒரு பேராபத்தும் இருக்கிறது. ஒரே கூட்டில் தவறுதலாக இரண்டு முறை மருந்து விழுந்தாலும் நிரம்பி வழியாது. மேலே குண்டை வைத்து அழுத்தினால் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். மூன்று முறை விழுந்தால்கூடச் சில மருந்துகள் உள்ளே அடங்கிவிடும். ரிவால்வர் வெடித்துச் சிதறிய பல சம்பவங்களில் ஆட்கள் "நான் குறைவாகத்தானே போட்டேன்" என்று சொல்வார்கள். குறைவான மருந்து விசித்திரமாக எரிந்து அழுத்தம் எகிறியது என்று பல பத்தாண்டுகளாக ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரட்டை மருந்து என்ற எளிய விளக்கமே பெரும்பாலான சமயம் போதுமானதாக இருக்கிறது.

அதனால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், கூட்டில் அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கேட்பேன். ஒரே வேகத்தைத் தரும் இரண்டு மருந்துகளில் ஒன்று பொங்கலாக, அதிக இடம் அடைத்து இருக்கும், இன்னொன்று அடர்த்தியாக இருக்கும். புதியவர்களுக்குப் பொங்கலானதுதான் நல்லது. அலையன்ட்டின் யூனிக் செதில் செதிலாக, பருமனாக இருக்கும். இரட்டையாக விழுந்தால் கண்ணுக்குத் தெரியும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தச் செதில்கள் மருந்தை அளந்து ஊற்றும் கருவியான அளவியில் ஒரே சீராக விழாது, அது வேறு தொல்லை. ஹாட்ஜ்டனின் டிரெயில் பாஸ் நடுவில் ஓட்டை உள்ள வடை போன்ற துகள்கள். ஈயக் குண்டுக்கென்றே செய்ததுபோலக் கூட்டை நிரப்பும். இப்போது கடைகளில் கிடைப்பதே அரிது. நீங்கள் வாங்கிய எச்பி-38 அளவியில் தண்ணீர் மாதிரி சீராக விழும். வின்செஸ்டர் 231 என்ற பெயரில் விற்பதும் அதே மருந்துதான். நல்ல தேர்வு, ஆனால் இரட்டை விழுந்தாலும் கூட்டுக்குள் அடங்கிவிடும். மருந்து நிரப்பிய கூடுகளை 50 குழி உள்ள மரப்பலகையில் நிற்கவைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக உள்ளே பார்த்த பிறகே முதல் குண்டை வையுங்கள். மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும்.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. ஒரு ஞாயிறு மாலை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா போன். பேசி முடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் சுடும் களத்தில் நாலாவது தோட்டா "டமால்" என்பதற்குப் பதிலாக "ப்ளக்" என்றது, பாட்டில் மூடி திறந்தது போல. அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. மருந்தைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் இருக்கும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. விரல் அடுத்த இழுப்புக்குத் தயாராகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் "ஸ்டாப்!" என்று கத்தினார். அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் புடைத்திருக்கும், மோசமானால் பிளந்திருக்கும். அன்றிலிருந்து மருந்து போடும்போது போன் வேறு அறையில். சத்தம் மாறினால் நிறுத்துங்கள், எல்லாத் தோட்டாவையும் வெளியே எடுங்கள், குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

சரி, ஈயத்துக்கு வருவோம்.

ஈயம் என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் குழப்பும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டில் இருப்பது காரீயம், அதனுடன் கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும். ஆன்டிமனி கடினத்தைத் தரும். வெள்ளீயம் உருகிய ஈயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடி நிரம்ப உதவும். கடினத்தைப் பிரினெல் எண்ணால் சொல்வார்கள். சுத்தக் காரீயம் சுமார் 5. 90 பங்கு காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி சேர்ந்த லைமன் 2-ஆம் எண் கலவை சுமார் 15. அச்சகங்களில் எழுத்து வார்த்த லைனோடைப் உலோகம் 22 வரை போகும். கடையில் "ஹார்ட் காஸ்ட்" என்று விற்கும் குண்டுகள் பெரும்பாலும் 15, 16-இல் இருக்கும்.

கடினமான குண்டு என்றால் குழலில் ஈயம் படியாது என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் காசைக் கொட்டினேன். உண்மையில் குறைந்த அழுத்தத் தோட்டாவில் இது தலைகீழாகப் போகலாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தின் அளவு இங்கேதான் முடிவாகிறது.

மருந்து எரிந்ததும் வரும் வாயு குண்டின் பின்புறத்தை அழுத்துகிறது. குண்டு போதுமான அளவு மென்மையாக இருந்தால் அதன் அடி சற்றே விரிந்து குழலின் உட்சுவரை அடைத்துக்கொள்ளும். குண்டு கடினமாகவும் அழுத்தம் குறைவாகவும் இருந்தால் அடி விரியாது. அப்போது குண்டு குழலைவிட ஒரு முடியளவு சிறுத்திருந்தாலும் போச்சு: சுடுவாயு அந்த இடுக்கில் பீறிட்டு, வெல்டிங் சுடர் மாதிரி குண்டின் ஓரத்தை உருக்கி, குழலின் ஆரம்பப் பகுதியில் பூசிவிடும். உங்கள் குழலில் படிவு பின்பக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் இதுதான். முன்பக்கம், வாய்க்கு அருகே படிந்திருந்தால் குண்டின் பள்ளத்தில் தடவிய மெழுகுக் கலவை பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது வேறு வியாதி.

அழுத்தத்தையும் கடினத்தையும் இணைக்க ஒரு நாட்டுக் கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. பிரினெல் எண் என்பது சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அளவு, அதை பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) மாற்ற 1422-ஆல் பெருக்க வேண்டும். 12-ஐப் பெருக்கினால் 17,064. அமெரிக்காவில் தோட்டா அளவுகளை வகுக்கும் தொழில் அமைப்பு .38 ஸ்பெஷலுக்கு விதித்திருக்கும் உச்ச அழுத்தம் 17,000. (அந்த அமைப்பின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'சாமி' என்று வரும். சாமி சொன்ன வரம்பை மீறக் கூடாது என்று என் மகன் கேலி செய்வான்.) ஆக, இந்தத் தோட்டாவுக்கு 12-க்குள் உள்ள குண்டு போதும், குறைந்த அளவு மருந்துக்கு இன்னும் மென்மையானதே பொருந்தும். 16 கடினமுள்ள குண்டுக்கு அதே கணக்கில் 22,750-க்கு மேல் வருகிறது. அது அழுத்தம் கூடிய வகையான .38 ஸ்பெஷல் பிளஸ் பி-யின் உச்சமான 20,000-ஐயும் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கு துல்லியமானதல்ல, பலர் இதை மறுப்பார்கள். ஆனால் திசையைச் சரியாகக் காட்டுகிறது. உங்கள் குண்டு 16-ஆக இருந்து, குழலுக்குச் சிறியதாகவும் இருந்தால், மருந்தைக் கூட்டினாலும் பலனில்லை. குறைத்தாலோ அடைப்பு இன்னும் மோசமாகும். உங்கள் கூடச் சுடுகிறவர் சொன்ன வைத்தியம் நோயை வளர்க்கும் வைத்தியம்.

இதன் மறுபக்கத்தையும் சரித்திரம் காட்டியிருக்கிறது. 1935-இல் .357 மேக்னம் வந்தபோது, எட்டே முக்கால் அங்குலக் குழலில் நொடிக்கு 1500 அடிக்கு மேல் வேகம் என்று விளம்பரம் செய்தார்கள். தொழிற்சாலைத் தோட்டாவில் இருந்ததோ மென்மையான வெறும் ஈயக் குண்டு. அத்தனை அழுத்தத்தில் அது குழலை ஈயத்தால் பூசியது, வாங்கியவர்கள் சலித்துப்போனார்கள். அங்கே குண்டு மென்மை, அழுத்தம் அதிகம். உங்களிடம் குண்டு கடினம், அழுத்தம் குறைவு. இரண்டிலும் படிந்தது ஈயம்தான்.

ஆனால் இத்தனையும் இரண்டாம் பட்சம். விட்டம் சரியாக இருந்தால் கடினம் கூடக் குறைய இருந்தாலும் பெரும்பாலும் மன்னிக்கும். விட்டம் தவறினால் எதுவும் மன்னிக்காது. பார்ப்பது சுலபம். ரிவால்வர் காலியா என்று இரண்டு முறை பாருங்கள். சிலிண்டரைத் திறந்து, ஒரு குண்டை எடுத்து, தோட்டா உட்காரும் ஒவ்வொரு அறையின் முன்வாயிலும் வைத்து ஒரு பென்சிலால் தள்ளுங்கள். லேசான தடையோடு போக வேண்டும். தானாக நழுவி விழுந்தால் குண்டு சிறியது. சுத்தியல் கேட்டால் பெரியது. ஆறு அறைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பழைய துப்பாக்கியில் ஒன்றிரண்டு வித்தியாசமாக இருக்கும். குழலையும் அளக்க வேண்டுமென்றால், எண்ணெய் தடவிய மென்ஈயக் குண்டு ஒன்றை மரக்கோலால் குழலுக்குள் மெதுவாகத் தட்டி அனுப்பி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளப்பார்கள். ஒன்று கவனியுங்கள், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழலின் உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிகள் ஐந்து என்பதால் வரிகள் எதிரெதிரே வராது. சாதாரண மைக்ரோமீட்டரில் சரியான அளவு கிடைக்காது. பென்சில் சோதனையே போதும்.

.38-க்கு ஈயக் குண்டு பொதுவாக .358 அங்குலம். சிலர் செம்பு உறையிட்ட குண்டின் அளவான .357-ஐயே ஈயத்துக்கும் வாங்கிவிடுகிறார்கள். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். அது போதும் வாயு புக.

இன்னொரு திருட்டு வழியும் உண்டு: சரியான விட்டத்தில் வாங்கிய குண்டைக் கூட்டுக்குள் அழுத்தும்போது கூடே அதை நசுக்கிச் சிறிதாக்கிவிடும். கூட்டின் வாயைப் போதுமான அளவு விரிக்காமல் ஈயக் குண்டை இறக்கினால் பித்தளை ஈயத்தைச் சுரண்டும். ஓரத்தில் ஈயச் சுருள் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டை மறுபடி அளந்து பாருங்கள். என் ஒரு வருஷத் தலைவலிக்கு மருந்து அங்கேதான் இருந்தது.

இப்போது மூன்றாவது கேள்வி. அட்டவணையைத் திறந்ததும் முதலில் எண்ணைப் பார்க்காதீர்கள், எந்தக் குண்டு என்று பாருங்கள். ஈயக் குண்டுக்கு ஈயக் குண்டின் வரி. உறையிட்ட குண்டு குழலில் அதிகம் உராயும், ஈயம் வழுக்கிக்கொண்டு போகும். அதே மருந்துக்கு ஈயக் குண்டு பொதுவாக வேகமாகவே போகும். உறையிட்ட குண்டை ஈயத்துக்கான மிகக் குறைந்த அளவில் போட்டால் குழலிலேயே நின்றுவிடக்கூடும். எடை ஒன்றாக இருந்தாலும் இரண்டு அட்டவணையையும் மாற்றிப் படிக்கக் கூடாது.

அடுத்து, குண்டு கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது. உள்ளே இறங்க இறங்க மருந்துக்கு மிஞ்சும் இடம் குறையும், அழுத்தம் ஏறும். 148 கிரெயின் வாட்கட்டர், அதாவது மொட்டை முகமுள்ள இலக்குக் குண்டு, கூட்டின் விளிம்போடு சமமாக உள்ளே புதைந்துவிடும். "148 கிரெயின், 158-ஐவிட எடை குறைவு, அதனால் மருந்து கூட்டலாம்" என்று யோசித்தால் மாட்டிக்கொள்வோம். இலக்குச் சுடுபவர்கள் தலைமுறைகளாக நம்பிய அளவு அடிக்குழி உள்ள 148 கிரெயின் வாட்கட்டருக்கு 2.7 கிரெயின் புல்ஸ்ஐ என்ற மருந்து. ஒன்றரைக் குன்றிமணிக்கும் கம்மி. அது எல்லோருக்கும் தெரிந்த அளவு என்பதால் சொல்கிறேன், உங்கள் 158-க்கோ எச்பி-38-க்கோ அது பொருந்தாது. அந்த அடிக்குழிக் குண்டை வேகமாக அனுப்ப முயன்றால் அதன் பாவாடை போன்ற மெல்லிய அடி மட்டும் பிய்ந்து குழலில் வளையமாக நின்றுவிடும். அடுத்த குண்டு அதில் மோதும்.

இவை பொருந்தினால், குறைந்தபட்ச அளவில் தொடங்குங்கள். பத்துப் பன்னிரண்டு தோட்டா. அப்புறம் 0.2 கிரெயின் கூட்டி இன்னொரு பன்னிரண்டு. அதிகபட்சத்தை நெருங்கும்போது 0.1. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிப் பெட்டியில் எழுதி வைத்து, மணல் மூட்டைமேல் கையை ஊன்றி 25 கஜத்தில் சுடுங்கள். பார்க்க வேண்டியது இலக்கில் துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன, குழலில் என்ன மிஞ்சுகிறது, கூட்டின் வெளிப்பக்கம் எப்படி இருக்கிறது. கூட்டின் ஒரு பக்கம் கரி படிந்திருந்தால் அழுத்தம் போதாமல் கூடு அறையை அடைக்கவில்லை, வாயு பின்னால் வழிகிறது. அதனால் ஆபத்தில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் மருந்தை அது கேட்கிறது. எரியாத துகள்கள் மணல் மாதிரி கிடந்தாலும் அப்படித்தான். பெரும்பாலான நேரங்களில் குறைந்தபட்சத்துக்குச் சற்று மேலே, நடுவுக்குக் கீழே ஒரு இடத்தில் துளைகள் கூடும். அங்கே நின்றுவிடுவேன். ஒரு விஷயம்: கூட்டில் காலி இடம் அதிகம் என்பதால், துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து உயர்த்துவதற்கும் மேல்நோக்கிப் பிடித்து இறக்குவதற்கும் மருந்து கிடக்கும் இடம் மாறும், வேகமும் மாறும். ஒப்பிட்டுப் பார்க்கும்போது எப்போதும் ஒரே மாதிரி தூக்குங்கள்.

அதிகபட்சத்துக்கு ஏன் போகக் கூடாது என்றால், இந்தத் தோட்டா எச்சரிக்கை கொடுக்காது. துப்பாக்கி ஆட்கள் பிரைமர் தட்டையாவதைப் பார், கூடு ஒட்டுவதைப் பார் என்பார்கள். அவை 50,000, 60,000 பி.எஸ்.ஐ.யில் இயங்கும் ரைபிளுக்கான அறிகுறிகள். 17,000-க்குள் இருக்க வேண்டிய தோட்டாவில் பிரைமர் தட்டையாகி, கூடு அறையில் ஒட்டிக்கொள்கிறது என்றால், நீங்கள் எப்போதோ எல்லையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டீர்கள். கூடு 35,000 வரை தாங்கும் .357 மேக்னம் வேறு, அதன் கூட்டை .38-ஐவிட 0.135 அங்குலம் நீளமாகச் செய்ததே .38 துப்பாக்கியில் அது நுழையக் கூடாது என்பதற்காகத்தான். வீட்டில் அழுத்தம் அளக்க நம்மிடம் வழியில்லை. இருப்பது குரோனோகிராஃப் என்ற வேகமானி ஒன்றுதான். தொழிற்சாலையின் சாதாரண 158 கிரெயின் ஈயத் தோட்டா 4 அங்குலக் குழலில் நொடிக்கு 755 அடி என்று பெட்டியில் போட்டு வந்திருக்கிறார்கள். உங்கள் தோட்டா அதன் அக்கம்பக்கத்தில் இருந்தால் போதும். கையேடு அதிகபட்சத்துக்குச் சொன்ன வேகத்தை நீங்கள் குறைந்த மருந்திலேயே தொட்டுவிட்டால், உங்களுக்கு அதுவே அதிகபட்சம்.

எல்மர் கீத் என்ற ஐடஹோ கௌபாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று கடையில் விற்கும் செமி வாட்கட்டர் குண்டுகளில் பாதிக்கு அவர் வடிவமே மூதாதை. .45 கோல்ட் ரிவால்வர்களில் மருந்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, சிலிண்டரை வெடிக்கவைத்து, அப்புறம்தான் சுவர் கனமாக இருக்கும் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். அவருக்குக் கை தப்பியது. அந்தப் பரிசோதனையை மறுபடி செய்து பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

குறைத்தால் எப்போதும் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். எச்பி-38 போன்ற வேக மருந்துகள் குறைவான அளவிலும் ஒழுங்காக எரியும். பின்னால் .357 வாங்கினால் எச்110 என்ற மருந்து கண்ணில் படும். வின்செஸ்டர் 296-ம் அதுவே. அது மெதுவாக எரிவது, நிறைந்த கூட்டில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்வது. அட்டவணை அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். குறைத்தால் அரைகுறையாக எரிந்து குண்டு குழலில் நிற்கும். பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கு என்ற பொது விதி அங்கே செல்லாது.

கிரிம்ப், அதாவது கூட்டின் வாயை மடித்துக் குண்டைப் பிடித்துவைப்பது பற்றி ஒரு வரி. குண்டில் அதற்கென்றே இருக்கும் பள்ளத்தில் கூட்டின் வாய் மடிந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் பின்னுதைப்பில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் முன்னால் நழுவி, சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும்.

சுட்டு முடித்ததும், நிரப்பி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், குளிர்ந்த நீரே நல்லது. நிரப்பும் மேசையில் காபி, முறுக்கு எதுவும் கூடாது. ஈயம் குண்டில் மட்டும் இல்லை, பிரைமரின் புகையிலும் சுட்ட கூட்டைச் சுத்தம் செய்யும் தூசியிலும் இருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த அறைக்குப் பூட்டு போடுங்கள்.

ஊரிலிருந்து யாராவது இதைப் படித்தால்: இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். .32 ரிவால்வருக்கு உரிமம் வைத்திருப்பவருக்கும் வீட்டில் நிரப்ப அனுமதி கிடையாது. அமெரிக்காவிலும் சொந்த உபயோகத்துக்கு நிரப்பலாமே தவிர, விற்பதற்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். நண்பருக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பதும் வேண்டாம். உங்கள் கையால் நிரப்பியது உங்கள் கையோடு இருக்கட்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது: பென்சில் சோதனை. குண்டு நழுவி விழுந்தால் மீதி 450-ஐ ஓரமாக வைத்துவிட்டு, .358 விட்டமும் 12-க்குள் கடினமும் உள்ள குண்டு 100 மட்டும் வாங்கிப் பாருங்கள். நழுவவில்லை என்றால் ஒரு தோட்டாவைப் பிரித்துக் குண்டு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் குறைந்தபட்சத்திலிருந்து 0.2 கிரெயின் மேலே போய்ப் பாருங்கள்.

அதற்கு முன்னால் பழைய படிவை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் புதுக் குண்டும் அதன்மேலேயே ஒட்டும். பாத்திரம் தேய்க்கும் செம்புச் சுருளிலிருந்து நாலு இழை பிய்த்து, பழைய துப்புரவு பிரஷ்ஷில் சுற்றி, காய்ந்த குழலில் பத்து முறை இழுத்தால் ஈயம் தகடு தகடாக உதிரும். சுத்தச் செம்பாக இருக்க வேண்டும். பல சுருள்கள் இரும்புக்குச் செம்பு முலாம் பூசியவை, குழலைக் கீறிவிடும். கடையிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பாத்திரத்துக்கு.